நாற்பத்தேழாம் வீட்டுக்கு ஐந்து கையெழுத்து

ஞானசேகரனை நான் ஆறு வருஷம் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் எதிரே வந்தால் "என்னண்ணே, டிபன் ஆச்சா" என்று விசாரிப்பேன். அவனும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். இப்படி ஒரு அழுத்தக்காரியைக் கல்குட்டை காலனி பார்த்ததில்லை என்று எங்கள் தையல்காரி வள்ளியம்மா பிற்பாடு சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் ரயில் பாதைக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதுதான் கல்குட்டை. எல்லாம் வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து கன்னட ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, கார்மெண்ட்ஸ் வேலை. கன்னடத்தில் பேரம் பேசுவோம், சண்டை போடுவோம். ஆனால் கன்னட எழுத்து என்றால் எல்லாருக்கும் ஞானசேகரன்தான் வேண்டும். ரேஷன் கார்டா, ஸ்கூல் அட்மிஷனா, கரண்ட் கேட்டு மனுவா, அவன்தான் எழுதித் தருவான். கடைசியில் சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் போடுவான். முதலெழுத்தைப் பெரிதாகச் சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, கோடுகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. பிள்ளையார் சுழிக்கு மீசை வைத்த மாதிரி இருக்கும். காலனியில் குழந்தைகள்கூட அதைச் சுவரில் எழுதி விளையாடும். இப்படித்தான் அவன் எங்களுக்குத் தலைவர் ஆனான்.

எனக்கும் கன்னடம் படிக்க வரும். கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஏழாவது வரைக்கும் கன்னடத்தில்தான் படித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சுண்ணாம்பு அடிக்கிறவன் பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

தொண்ணூற்று நாலு ஜூன் மாதம் எங்கள் காலனியை இடித்தார்கள். காலை பதினோரு மணிக்கு, எல்லாரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்தார்கள். இடம் தன்னுடையது என்று ஒருத்தர் கோர்ட்டில் ஆர்டர் வாங்கியிருந்தார். பூட்டின வீடுகளைப் பூட்டோடு சேர்த்து புல்டோசர் தள்ளியது. என் வீட்டுக்காரர் தனபாலுக்கு அன்று காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தார். பாயோடு வெளியே இழுத்து ரோட்டோரம் போட்டார்கள். நான் வேலை முடித்து வந்து பார்க்கும்போது மழையில் நனைந்தபடி கிடந்தார். மூன்று நாள் தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அட்ரஸ் கேட்டார்கள். ரேஷன் கார்டு இடிபாட்டுக்குள் இருந்தது. சொன்னால் நம்ப ஒருத்தரும் இல்லை. அந்த கிளார்க் "ஃபுட்பாத்" என்று எழுதினார். டெத் சர்டிஃபிகேட்டிலும் அதுவே வந்தது. பதினான்கு வருஷம் ஒரே வாசலில் குடியிருந்த மனுஷன், செத்ததும் பிளாட்ஃபாரத்துக்காரர் ஆகிவிட்டார். அந்தக் காகிதத்தை நான் இன்றைக்கும் மடித்து வைத்திருக்கிறேன். ஆத்திரம் ஆறிப்போகாமல் இருக்க வேண்டுமே.

நான் அவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கோர்ட்டில் ஸ்டே கிடைத்தது. எல்லாரும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் தகரமும் கோணியும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். நான் வந்து பார்த்தால் என் இடத்தில் ஞானசேகரன் இருக்கிறான். பின் வரிசையில் மூலையில் இருந்தவன், ரோட்டைப் பார்த்த என் இடத்துக்கு, குழாய்க்குப் பக்கத்து இடத்துக்கு, முன்னால் வந்துவிட்டான். பின் வரிசை இடத்தையும் அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான்.

"காலியா கெடந்துச்சும்மா. நின்னவங்களுக்குத்தான் எடம். ஒன்கிட்ட பேப்பர் இருந்தா கொண்டாந்து பேசு," என்றான்.

தாலி கழற்றின வெறும் கழுத்தோடு நின்றேன்.  சாக்கடை ஓரத்தில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டேன். அவன் மனைவி பெர்னதெத் மட்டும் அன்று சாயங்காலம் ஒரு சொம்பில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளும் கைக்குழந்தையாக இருந்த மூத்த பெண்ணும் மழைக்கு என் இடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். கஞ்சியைக் குடித்தேன். பசி அப்படி.

அடுத்த வருஷம் எங்கள் கேஸை நடத்திய வக்கீலின் ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிரேசர் டவுனில் மாடி ஆபீஸ். ஒருநாள் மேஜையைத் துடைக்கும்போது எங்கள் கேஸ் கட்டு திறந்து கிடந்தது. இடிப்பதற்கு முன்னால் எதிர்த்தரப்பு கொடுத்த மகஜர் ஒன்று மேலாக இருந்தது. மகஜர் என்றால், இடத்தை நேரில் போய்ப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற காகிதம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இல்லி யாரூ வாசவில்லா. காலி ஜாகா." இங்கே யாரும் குடியில்லை, காலி இடம். கீழே சாட்சி: ஜி. சேகரன், பிரேசர் டவுன், நாலாவது கிராஸ் தெரு. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பொது மனிதர் என்று குறிப்பு.

அதற்குக் கீழே கையெழுத்து. சுழி, இரண்டு கோடு, நடுவில் புள்ளி.

துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெயரைக் குறுக்கி, அட்ரஸை மாற்றி எல்லாம் செய்தவன், கையெழுத்தை மட்டும் மாற்றவில்லை. எங்களில் யாருக்கு இதைப் படிக்கத் தெரியப் போகிறது என்ற திமிர். கட்டப்போகிற கட்டடத்தில் அவனுக்கு ஒரு கடை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். ஸ்டே வந்ததால் கடையும் வரவில்லை. அது அப்புறம் தெரிந்த கதை.

கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கட்டை இருந்தபடியே வைத்தேன். அன்றே போய் அவன் முகத்தில் வீசியிருக்கலாம்.  ஆனால் கேஸ் நடந்துகொண்டிருந்தது. உங்கள் தலைவரே காலி இடம் என்று சாட்சி சொல்லியிருக்கிறாரே என்று எதிர்த்தரப்பு கேட்டால் நூற்றுப் பன்னிரண்டு வீடும் போய்விடும். அவனுக்காக எல்லாரையும் தெருவில் விட நான் தயாராக இல்லை. ஆகவே அண்ணே, டிபன் ஆச்சா.

இடிபட்டபின் நாங்கள் பெண்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். இனிமேல் காலனியில் ஒரு நாளும் எல்லா வீடும் பூட்டியிருக்கக் கூடாது. தினமும் நாலு பெண்கள் வேலைக்குப் போகாமல் காவல் இருப்பார்கள். அவர்கள் வேலையை மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். வள்ளியம்மாதான் முறை போட்டாள். புல்டோசரில் தன் தையல் மெஷின் நசுங்கிப்போன ஆத்திரம் அவளுக்கு. இரண்டாயிரத்தில் கேஸ் எங்கள் பக்கம் தீர்ந்தது. அடுத்த வருஷம் சர்வே வரும் என்றார்கள்.

சர்வே ஆபீஸர் கிருஷ்ணப்பா முதலில் வந்து ஒவ்வொரு கதவிலும் பெயிண்டால் நம்பர் போட்டார். பிறகு விதிகளைச் சொன்னார். குறித்த நாளில் குடும்பம் முழுக்க அவரவர் வாசலில் நிற்க வேண்டும். பெயரும் நம்பரும் எழுதின சிலேட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ. அக்கம்பக்கத்து ஐந்து பேர், இந்தக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது என்று ஃபாரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பூட்டின வீடு, ஐந்து கை இல்லாத வீடு, இரண்டும் லிஸ்டில் ஏறாது. லிஸ்டில் ஏறினால் ஹக்குப் பத்திரம், அதாவது இடத்துக்கு உரிமைப் பத்திரம் வரும். அதற்கப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. சாக்கடையை ஒட்டிய ஒன்பது வீடுகளுக்கு மட்டும் இங்கே பத்திரம் கிடையாது. அவர்களுக்குச் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் வேறு வீடு.

அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது. என்னுடைய நிஜ இடத்தில், ரோட்டைப் பார்த்த வாசலில், நாற்பத்தேழு என்று நம்பர் விழுந்திருந்தது. ஞானசேகரன் சிலேட்டில் பெயர் எழுத கலர்ச் சாக்பீஸ் வாங்கி வைத்திருந்தான்.

போட்டோவுக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு, அவன் சட்டை அயர்ன் பண்ணக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், குழாயடியில் பெண்களைக் கூட்டினேன். ஜெராக்ஸை விரித்தேன். முதலில் கன்னடத்தில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன்.

"ஒனக்குப் படிக்கத் தெரியுமாடி?" என்றாள் வள்ளியம்மா. அதுதான் அவளுக்கு முதலில் அதிர்ச்சி. அப்புறம் கையெழுத்தைப் பார்த்தாள். சுழி, கோடு, கோடு, புள்ளி. அங்கே இருந்த ஒருத்திக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.  குழாயில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நிறுத்தவில்லை.

"என் மெஷினு," என்றாள் வள்ளியம்மா.

"நாளைக்கு அவனுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. அவ்ளோதானே வேதா?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

"அதுகூட வேணாம். அவரு பிரேசர் டவுன்ல இருக்கேன்னு எழுதிக் குடுத்துருக்காரு. நம்ம தலைவரு சொன்னா பொய்யா இருக்குமா? யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க. அப்புறம் நான் என் வாசல்ல போயி நிக்கறேன். எனக்கு அஞ்சு கை போடுங்க."

வள்ளியம்மா யோசித்தாள். "பெர்னதெத் என்ன பண்ணா பாவம்?"

"அவன் பொண்டாட்டி. அதான் பண்ணா," என்றேன். அப்படித்தான் சொன்னேன். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையிலேயே போட்டோக்காரரோடு கிருஷ்ணப்பா வந்துவிட்டார். ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரைக்கும் கல்யாண வீடு மாதிரி நடந்தது. பெண்கள் பட்டுப் புடவை கட்டியிருந்தார்கள், குழந்தைகளுக்குப் பவுடர். ஒவ்வொரு வாசலிலும் ஐந்து பேர் ஓடி வந்து மையில் விரலை வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு நாலு பேர்தான் இருந்தார்கள் என்று நாலாவது வரிசையிலிருந்து ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

நாற்பத்தேழாம் வாசலில் ஞானசேகரன் வெள்ளைச் சட்டையில் நின்றான். பக்கத்தில் பெர்னதெத், முன்னால் இரண்டு பெண்கள். சிலேட்டில் அவன் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"ஐது ஜன பேக்கு. அஞ்சு பேரு வாங்கம்மா," என்றார் கிருஷ்ணப்பா.

ஒருத்தரும் நகரவில்லை. ஞானசேகரன் சிரித்தபடி வள்ளியம்மாவைப் பார்த்தான். "வாங்கக்கா, மொதல் கை உங்களுது."

"எதுக்குங்க?" என்றாள் வள்ளியம்மா, ஒன்றும் தெரியாதவளாக. "நீங்க பிரேசர் டவுன்ல இல்ல இருக்கீங்க."

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டான். "சாருக்குப் பிரேசர் டவுனு, நாலாவது கிராஸு," என்றாள் அவள். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பெரிய எடத்துக்காரரு, இங்க எதுக்கு வர்றாரு," என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுச் சனமும் அந்த வாசலைச் சுற்றி நின்றது. கையை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். எனக்கு அந்தக் காட்சி எப்படி இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

"என்ன நாடகம் இது? யாரு தூண்டிவிட்டது?" என்று கத்தினான்.

நான் முன்னால் போய் ஜெராக்ஸைக் கிருஷ்ணப்பாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "யாரூ வாசவில்லா" என்ற இடத்தில் ஒரு தரம் நிறுத்தி, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவனிடம் காகிதத்தைக் காட்டினார்.

"இது நிம்ம சஹினா? உங்க கையெழுத்தா?"

ஞானசேகரன் என்னைப் பார்த்தான். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவனுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. "என்னுது இல்ல சார்," என்றான்.

"சரி. என்னுது இல்லேன்னு இதுலயே எழுதி, கீழ உங்க சஹி போடுங்க. பாத்துக்கலாம்." பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினான். முதலெழுத்தைச் சுழித்தான். கை தானாகக் கோடு இழுக்கப் போய், பாதியில் நின்றது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கிருஷ்ணப்பா ஃபாரத்தில் அவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"அப்ப இந்த மனைல யாரு இருக்காங்க?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

நான் எதற்காக ஆறு வருஷம் காத்திருந்தேனோ அந்தக் கேள்வி. வள்ளியம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். பெர்னதெத்துக்கு அதுவரைக்கும் மகஜர் விஷயம் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கணவன் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கினாள். முந்தானையால் அவன் பெயரை அழித்தாள். வாசற்படியிலிருந்து இறங்கிச் சிலேட்டை என்னிடம் நீட்டினாள்.

"இது உங்க எடம்க்கா. வந்து நில்லுங்க," என்றாள். 

கை நீட்டினேன். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் முகம் தெளிந்திருந்தது. சின்னப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். பெரியவள் தோளில் கை போட்டான். "வா பெர்னா, போலாம். இந்த நன்றி கெட்ட ஊரே நமக்கு வேணாம். புள்ளைங்கள நான் காப்பாத்திக்குவேன்," என்றான். குரல்கூடத் தழுதழுத்தது. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் ஐயோ பாவம் என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் அந்தப் படியில் ஏறினால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அநியாயமாகத் துரத்தப்பட்ட குடும்பத் தலைவனாக நடந்து போவான். போகிற இடத்தில் இன்னொரு காலனிக்கு மனு எழுதுவான். பெர்னதெத்துக்கு அட்ரஸ் ஃபுட்பாத் ஆகும். அவனுக்கு ஒன்றும் ஆகாது.

அவ்வளவு லேசாக அவனை விடுவதற்கா நான் அண்ணே அண்ணே என்றேன்?

சிலேட்டைப் பெர்னதெத் கையிலேயே திருப்பி வைத்தேன். சாக்பீஸை எடுத்து அவள் பெயரைக் கன்னடத்தில் பெரிதாக எழுதினேன். அவளைத் தோளைப் பிடித்துப் படியில் ஏற்றினேன். குழந்தையை அவன் இடுப்பிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

"இந்த வீட்ல பெர்னதெத்தும் ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்க சார். ஏழு வருஷமா பாத்துட்டிருக்கேன். வேற யாரும் இல்ல," என்றேன். பேனாவை வாங்கி முதல் கையெழுத்தை நான் போட்டேன். கன்னடத்தில்.

"வேதா, உன் எடம்டி," என்றாள் வள்ளியம்மா மெல்ல.

"தெரியும். போடு."

அவள் போட்டாள். மூன்று, நாலு, ஐந்து. போட்டோக்காரர் ஞானசேகரனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க சார், ஃப்ரேம்ல வர்றீங்க," என்றார். அவன் தள்ளி நின்றான். சாக்கடை ஓரம் வரைக்கும் தள்ள வேண்டியிருந்தது, கூட்டம் அவ்வளவு நெரிசல்.

"நான் எங்கம்மா போறது?" என்று என்னைக் கேட்டான், எல்லாரும் அடுத்த வாசலுக்கு நகர்ந்த பிறகு.

"பேப்பர் இருந்தா கொண்டாந்து பேசுங்கண்ணே," என்றேன்.

இரக்கப்பட்டுத்தான் இடத்தை விட்டுக்கொடுத்தேன் என்று கல்குட்டையில் சிலர் சொல்கிறார்கள். பெர்னதெத்கூட அப்படித்தான் நினைக்கிறாள். அவள் கொடுத்த கஞ்சிக்குப் பதில் என்று. நம்பாதீர்கள். அந்தச் சொம்புக் கஞ்சி நினைவுக்கு வந்தது உண்மை. அது வந்தது கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு.

இரண்டாயிரத்து மூன்றில் எனக்குச் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கொடுத்தார்கள். இரண்டாவது மாடி, தண்ணீர் நாள் விட்டு நாள். லிங்கராஜபுரம் போக மூன்று பஸ் மாற வேண்டும். வேலை போயிற்று, வள்ளியம்மாவின் பேச்சுத் துணை போயிற்று, தனபால் பதினான்கு வருஷம் செருப்பு கழற்றிவிட்ட படி போயிற்று. இதற்கெல்லாம் நான் அழுதிருக்கிறேன். ஆனாலும் மாதம் ஒருமுறை மூன்று பஸ் மாறிப் போய்விடுவேன். பெர்னதெத் கார்மெண்ட்ஸ் விட்டு வர ஏழு மணி ஆகும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஞானசேகரன் நாற்பத்தேழாம் வாசலில், பூட்டின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். யாரும் இப்போது அவனிடம் மனு எழுதக் கொடுப்பதில்லை. "என்னண்ணே, டிபன் ஆச்சா," என்று கேட்டுவிட்டு வள்ளியம்மா வீட்டுக்குப் போவேன்.

போன மாதம் பெர்னதெத் என்னைத் தேடிச் சந்தாபுராவுக்கே வந்தாள். பத்திரம் அவள் ஒருத்தி பெயரில் வந்திருந்தது. அதோடு ஒரு ஃபாரம் கொண்டுவந்திருந்தாள். புது ரேஷன் கார்டில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். இந்த மனிதர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"தெனம் கேக்கறாருக்கா. அட்ரஸ் இல்லாம ஒண்ணும் நடக்கலையாம். போடட்டுமா?"

ஃபாரத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். எல்லாம் நிரப்பியிருந்தான், அவனே, அழகான கன்னடத்தில். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. மடித்து அவள் கைப்பையில் திருப்பி வைத்தேன்.

"உன் வீடு, உன் கையெழுத்து. நான் யாரு சொல்றதுக்கு," என்றேன். "அவசரம் ஒண்ணும் இல்லையே. நான் ஆறு வருஷம் யோசிச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். தேநீரைக் குடித்து முடித்தாள். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அதுவரைக்கும் பைலயே கெடக்கட்டும்க்கா," என்றாள்.